பிக்கப் இன்ஜின் தேய்ந்துவிட்டது: நாமே பிரிப்பதா, வெளியே கொடுப்பதா, மாற்றிவிடுவதா?

சைலன்சரில் நீலப் புகை. ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் போன வாரம் ஊற்றியதைக் காணோம். சுமையோடு மேடு ஏறும்போது முன்பு மூன்றாவது கியரில் போன வண்டி இப்போது இரண்டாவதைக் கேட்கிறது. இந்த இடத்தில் நிற்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: வீட்டில் வைத்து நானே இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கலாமா, இல்லை வேறு வழி பார்ப்பதா?

நான் திருப்பிக் கேட்பது: அளந்தீர்களா? பெரும்பாலும் அளந்திருக்க மாட்டார்கள். புகையைப் பார்த்தார்கள், சத்தத்தைக் கேட்டார்கள், பக்கத்தில் நின்ற ஒருவர் “இன்ஜின் போச்சு” என்றார், அதோடு சரி. கீழே வரும் எல்லா வழிகளையும் நான் கடைசியில் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். இந்த வழியில் போனால் அளப்பது யார்?

## ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

இன்ஜின் தேய்மானம் போலவே வேஷம் போடும் சின்னச் சின்னக் கோளாறுகள் நிறைய உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் எடுத்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால், அது பெரும்பாலும் வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுப்பது). சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிக்கொண்டால், பல இன்ஜின்களில் ஹெட்டை (சிலிண்டர்களுக்கு மேலே மூடியாக இருக்கும், வால்வுகள் உட்கார்ந்த பகுதி) கழற்றாமலே அதை மாற்றிவிடலாம். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வு அடைத்திருந்தாலும் ஆயில் குடிக்கும். டர்போ சீல் போயிருந்தாலும் குடிக்கும். ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறதென்றால் சென்சாரை நம்பாமல் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். சூடான இன்ஜினில் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) என்பது பழைய கைக்கணக்கு.

அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று பார்ப்பது. இன்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஒவ்வொரு பிளக் துளையிலும் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் 150, 145, 95, 140 பிஎஸ்ஐ என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சத்தில் முக்கால் பங்குக்குக் கீழே எதுவும் போகக் கூடாது, அதாவது இங்கே சுமார் 112. மூன்றாவது சிலிண்டர் மாட்டிக்கொண்டது. அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். 95 என்பது 135க்கு ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), போர் (சிலிண்டரின் உள்துளை) பக்கம் பிரச்சினை. 98லேயே நின்றால் வால்வு அல்லது கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடு). அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் விட்டுப் பார்க்கும் இந்தச் சோதனை டீசலுக்குச் சரிப்படாது. அங்கே பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடமே மிகக் குறைவு என்பதால், விட்ட ஆயிலே அழுத்தத்தைப் பொய்யாக ஏற்றிவிடும். டீசலுக்கு, தனியாக அழுத்தக் காற்றை உள்ளே விட்டுக் கசிவைக் கேட்கும் லீக் டவுன் டெஸ்ட் நல்லது. ஆயில் ஊற்றும் மூடியில் காற்றுச் சத்தம் வந்தால் ரிங். சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட், அல்லது விரிசல்.

வால்வுதான் குற்றவாளி என்று தெரிந்தால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவையில்லை. ஹெட்டை மட்டும் இறக்கி வேலை பாருங்கள்.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

ஏன் தேய்ந்தது? பல பேர் விட்டுவிடும் கேள்வி இது. ஏர் ஃபில்டர் பெட்டியில் கிளிப் உடைந்து தூசி உள்ளே போய்க்கொண்டிருந்தால், புது இன்ஜின் போட்டாலும் அதே தூசிதான் அதையும் தின்னும். ரேடியேட்டர் பாதி அடைத்துச் சுமையில் சூடேறிய வண்டியும் அப்படித்தான்.

வண்டி இல்லாமல் எத்தனை நாள் ஓட்டலாம்? பிக்கப் பலருக்கும் பிழைப்பு. நின்ற நாட்களின் வருமானமும் செலவுக் கணக்கில் வர வேண்டும்.

மொத்தச் செலவு. பாகங்களின் விலை அதில் ஒரு பகுதிதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இன்ஜின் வேலைக்கென்றே சொன்னது போலிருக்கும்.

இடம், கருவி, துணைக்கு ஓர் ஆள். சமதளத் தரை, கூரை, பூட்டு. மூன்றும் வேண்டும்.

மற்ற உடம்பு எப்படி? சேஸியில் துரு தின்றிருந்தால் இன்ஜினுக்குச் செலவழிப்பதில் பொருளில்லை. கியர்பாக்ஸ் பல் விடுகிறதா, டிஃபரன்ஷியல் கத்துகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அளப்பது யார், தவறினால் பதில் சொல்வது யார்? இது மற்ற ஐந்துக்கும் மேலே.

## வழி 1: வீட்டிலேயே முழுதாகப் பிரித்துச் சேர்ப்பது

முதலில் ஒரு தெளிவு. வீட்டில் இன்ஜின் செய்தேன் என்று சொல்பவர் யாரும் எல்லாவற்றையும் வீட்டில் செய்வதில்லை. கழற்றுவது, சுத்தம் செய்வது, அளப்பது, சேர்ப்பது நம் வேலை. போரிங் (போரைக் கடைந்து அகலமாக்குவது), கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைச் சாணை பிடிப்பது), ஹெட்டைச் சமன்படுத்துவது, விரிசல் சோதனை எல்லாம் மெஷின் பட்டறை வேலை. அந்தப் பட்டறை எங்கே, எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்டுக்கொள்ளாமல் இன்ஜினை இறக்காதீர்கள்.

பிக்கப் இதற்குக் கொஞ்சம் தோதான வண்டி. இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் கை போக இடமிருக்கும். ஆனால் எடை விளையாட்டல்ல. நான்கு சிலிண்டர் டீசலே இருநூறு கிலோவைத் தொடும். ஹைட்ராலிக் கிரேனும் இன்ஜின் ஸ்டாண்டும் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது.

அளப்பதற்கு விலை உயர்ந்த கருவி இல்லையே என்பவர்களுக்கு ஒரு வழி. பழைய கம்ப்ரஷன் ரிங் ஒன்றைக் கழற்றி போருக்குள் விடுங்கள். பிஸ்டனைத் தலைகீழாக வைத்து அதைச் சமமாகக் கீழே தள்ளுங்கள். மேலே விளிம்புக்குச் சற்றுக் கீழே, ரிங் திரும்பி ஓடி அதிகம் தேய்ந்த இடத்தில், ரிங்கின் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) பாருங்கள். 0.80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியே அடியில் தேயாத இடத்துக்குத் தள்ளிப் பாருங்கள். 0.45. வித்தியாசம் 0.35. அதை 3.14ஆல் வகுத்தால் 0.11 மி.மீ. போர் மேலே அவ்வளவு அகன்றிருக்கிறது. ஒரு தலைமுடியை விடச் சற்றுப் பருமன், ஆனாலும் பொதுவாக இது போரிங் கேட்கும் அளவு. இறுதி வார்த்தை உங்கள் இன்ஜினின் கையேட்டுக்குத்தான். போரிங் செய்தால் 0.25, 0.50 மி.மீ. என்று அடுத்த அளவு பிஸ்டன்கள் வரும். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகு, அதை அளந்து போர் செய்யச் சொல்லுங்கள். முதலில் போர், அப்புறம் பிஸ்டன் என்று போகாதீர்கள்.

லைனர் (சிலிண்டருக்குள் இறக்கிய தனிக் குழாய்) போட்ட டீசல் இன்ஜினாக இருந்தால் வீட்டு வேலைக்கு ஆதாயம் அதிகம். தண்ணீர் நேரடியாகத் தொடும் வெட் லைனர் என்றால் பழையதை இழுத்துப் போட்டு, பிஸ்டனோடு சேர்த்து வரும் புது செட்டை இறக்கலாம், போரிங்கே கிடையாது. பிளாக்கின் (சிலிண்டர்கள் அடங்கிய இன்ஜின் உடல்) முகத்துக்கு மேலே லைனர் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் கையேட்டு அளவோடு சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் கேஸ்கெட் நிற்காது. இதற்கு நேர்மாறு, லைனரே இல்லாமல் உள்சுவரில் தனிப் பூச்சு ஏற்றிய அலுமினிய பிளாக். அதில் சாதாரண ஹோனிங் கல்லை (போரின் சுவரைத் தேய்த்து மெல்லிய கீறல்கள் போடுவது) போட்டால் பூச்சு போய்விடும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் இறங்காதீர்கள்.

கிராங்க் சுழலும் பேரிங்கின் இடைவெளியை அளக்க பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய மெழுகு இழை போதும். கிராங்கின் மேல் ஒரு துண்டு வைத்து, மூடியைக் கையேடு சொன்ன டார்க்குக்கு (முறுக்கு விசை) முறுக்கி, கிராங்கைத் திருப்பாமல் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். 50 மி.மீ. ஜர்னலுக்கு (பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதி) 0.05 மி.மீ. சுற்றுவட்டாரம் என்பது தோராயக் கணக்கு.

இப்போது நான் செய்த முட்டாள்தனம். என் முதல் இன்ஜினில் ஹோனிங் முடிந்ததும் சிலிண்டர்களை டீசல் ஊற்றிக் கழுவித் துடைத்தேன். பளபளவென்றுதான் இருந்தது. சில ஆயிரம் கிலோமீட்டரில் பழைய குருடி கதவைத் திறடி என்று புகை திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் புது ரிங்குகள் மங்கிச் சாம்பல் நிறமாகக் கிடந்தன. ஹோனிங் கல்லின் பொடி இரும்பின் கீறல்களுக்குள் தங்கிவிடும், டீசலோ பெட்ரோலோ அதை வெளியே எடுக்காது. வெந்நீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, கெட்டியான பிரஷ், இவைதான் மருந்து. கழுவிக் காயவைத்ததும் வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பலானால் இன்னொரு முறை கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை இது ஓயாது. கடைசித் துடைப்புக்குப் பின் உடனே ஆயில் பூசிவிட வேண்டும், கழுவிய இரும்பு சில நிமிடங்களிலேயே துரு பிடிக்க ஆரம்பிக்கும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) மூடிகளையும் மெயின் மூடிகளையும் மாற்றிப் போடக் கூடாது, ஜோடியாகவே கடைந்தவை அவை. கழற்றும்போதே புள்ளி குத்தி அடையாளம் வையுங்கள். ஹெட் போல்ட் இறங்கும் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், முறுக்கும்போது அது அமுங்க வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு: “இறக்கியதுதான் இறக்கிவிட்டோம், இதையும் பார்த்துவிடலாமே” என்ற வாக்கியம். கிளட்ச், வாட்டர் பம்ப், ஆயில் பம்ப், டைமிங் செட், மவுண்ட், பின்பக்க ஆயில் சீல், ஹோஸ்கள் என்று நீளும். பாதிக்கு மேல் நியாயமான செலவுதான், ஆனால் முதல் நாளே பட்டியலில் இருந்திருக்க வேண்டும். ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் வகை ஹெட் போல்ட்கள் என்றால் அவையும் புதிதாக வாங்க வேண்டும். டார்க் ரெஞ்ச் கடன் வாங்கலாம், ஆனால் நல்லதாக வாங்குங்கள். ஆரம்ப ஓட்டத்துக்கு இரண்டு முறை ஆயிலும் ஃபில்டரும். நேரத்தைப் பொறுத்தவரை, முதல் முறை செய்பவர் வாரக்கடைசிகளில் மட்டும் உட்கார்ந்தால், பட்டறைக் காத்திருப்பையும் சேர்த்து இரண்டு மூன்று மாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே வாரம் என்று வீட்டில் சொல்லிவைக்காதீர்கள்.

யாருக்குப் பொருந்தும்: வேறு வண்டி இருப்பவருக்கு. அளவெடுக்கும் பொறுமை உள்ளவருக்கு. இந்தப் பிக்கப்பை இன்னும் பல வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு.

## வழி 2: தெரிந்த மெக்கானிக்கிடம் முழு வேலை

நம் நேரம் மிச்சம், கைப்பழக்கம் உள்ளவர் செய்கிறார். அளப்பதும் அவர்தான், அதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அளக்காமலே “போர் போட்டாச்சு, எல்லாம் புதுசு” என்பவரும் உண்டு. கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். போர் அளவுகளையும் பேரிங் இடைவெளிகளையும் எழுதித் தருவீர்களா? கழற்றிய பழைய பாகங்களைப் பார்க்கலாமா? ஹெட்டுக்கு விரிசல் சோதனை உண்டா? நல்ல கைக்காரர் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவு என்பது இங்கே நடுவில் வரும் போன் அழைப்பு. “கிராங்கும் கிரைண்டிங் போக வேண்டும்” என்று அவர் சொல்லும்போது இன்ஜின் நூறு துண்டாகக் கிடக்கும், மறுக்க முடியாது. அதனால் முதலிலேயே, கழற்றி அளந்ததும் நிறுத்தி முழுக் கணக்கு சொல்லுங்கள், அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்று பேசிவிடுங்கள். கழற்றிய கூலி மட்டும் கொடுத்துவிட்டு வேறு வழிக்குப் போகும் வாய்ப்பு அப்போது கையில் இருக்கும்.

## வழி 3: ரிங், பேரிங் மட்டும்

இன்ஜினை வண்டியிலேயே வைத்து, ஹெட்டையும் சம்பையும் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறக்கி, புது ரிங், புது பேரிங் போட்டு மூடிவிடுவது. மலிவு, வேகம். சில பிக்கப்களில் முன்பக்க குறுக்குச் சட்டமோ டிஃபரன்ஷியலோ சம்பை வெளியே விடாது, அங்கே பாதி மலிவு போய்விடும்.

போர் நேராக, வட்டமாக இருந்து ரிங் மட்டும் ஒட்டிக்கொண்டோ உடைந்தோ போயிருந்தால் இது நியாயமான வேலை. மேலே அகன்று கீழே குறுகிய போருக்குள் புது ரிங் போட்டால், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அது விரிந்து சுருங்கியே களைத்துவிடும். மேலே சொன்ன ரிங் இடைவெளிக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். விற்பதற்கு முன் புகையை மறைக்கச் செய்யும் வேலை என்று இதற்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. வாங்குபவராக இருந்தால் நினைவில் வையுங்கள்.

## வழி 4: வேறு வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜின்

வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. எல்லாம் கைவசம் இருந்தால் ஒரு வாரக்கடைசியிலேயே ஏற்றிவிடலாம். ஆனால் இங்கே அளந்தவர் யாருமில்லை. விற்பவர் சொல்லும் கிலோமீட்டர்தான் ஒரே சான்று, அதுவும் வாய்மொழி.

குறைந்தபட்சம் நீங்களே பார்க்க வேண்டியவை: கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், எங்கும் தட்டவோ இறுகவோ கூடாது. ஆயில் மூடிக்குள் விரல் விட்டுப் பாருங்கள், கறுப்பு ஜெல்லி இருந்தால் ஆயில் ஒழுங்காக மாற்றாத இன்ஜின், பாலாடை போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். ஸ்டார்ட்டரைப் பொருத்தித் தரையிலேயே கம்ப்ரஷன் பார்க்க அனுமதிப்பவரிடம் வாங்குவது மேல்.

ஒரே பெயர், ஒரே சிசி என்பதால் மட்டும் பொருந்திவிடாது. புகைக் கட்டுப்பாட்டு விதி மாறிய வருடத்தில் சென்சார், வயரிங், இன்ஜெக்டர், சம்பின் வடிவம் என்று நிறைய மாறியிருக்கும். காமன் ரெயில் டீசல்கள் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) பலவற்றில் இன்ஜெக்டரின் குறியீட்டு எண்ணை ஈசியுவில் (இன்ஜினின் கணினி) ஏற்ற வேண்டும். பதிவுச் சான்றில் இன்ஜின் எண் இருக்கும் இடங்களில் அதையும் மாற்றிப் பதிய வேண்டும், அதனால் இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பின்பக்க சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் மூன்றையும் ஏற்றுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், ஏற்றிய பிறகு என்றால் அதே வேலை இரண்டு முறை.

## வழி 5: தொழிற்சாலையில் புதுப்பித்த இன்ஜின்

அளந்தவர் இருக்கிறார், உத்தரவாதச் சீட்டும் இருக்கிறது. பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் சொன்ன விலை, அதுவரை ஒரு வைப்புத்தொகை கட்டிவைக்க வேண்டும். உங்கள் பிளாக்கில் ராடு ஓட்டை போட்டிருந்தால் அதை ஏற்க மாட்டார்கள், வைப்புத்தொகை போய்விடும்.

பெட்டியில் என்ன வருகிறது என்று கேளுங்கள். பிளாக், கிராங்க், பிஸ்டன் மட்டும் வந்தால் ஷார்ட் பிளாக், ஹெட்டும் சேர்ந்தால் லாங் பிளாக். டர்போ, இன்ஜெக்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் பெரும்பாலும் பழைய இன்ஜினிலிருந்துதான் மாற வேண்டும். பழைய இன்ஜின் பேரிங் போய்ச் செத்திருந்தால், அந்த உலோகத் துகள் ஆயில் கூலருக்குள்ளும் டர்போ குழாய்களுக்குள்ளும் உட்கார்ந்திருக்கும். கூலரைக் கழுவி நம்ப முடியாது, மாற்றுங்கள். அதை மாற்றிய ரசீது இல்லையென்றால் உத்தரவாதம் செல்லாது என்று சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கவும் கூடும்.

## வழி 6: இப்படியே ஓட்டுவது

புகை மட்டும், ஆயில் குடிப்பது 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்குள், அடியில் தட்டும் சத்தம் இல்லை என்றால் அவசரமே இல்லை. ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பார்த்து ஊற்றிக்கொண்டே பணம் சேர்க்கலாம். அடியிலிருந்து கனமாக “டொக் டொக்” என்று சுமையில் கேட்டால் அன்றே நிறுத்துங்கள். ராடு பிய்த்துக்கொண்டு வெளியே வந்தால் வழி 1, 2, 3 மூன்றும் ஒரே நொடியில் கைவிட்டுப் போகும், வழி 5இல் வைப்புத்தொகையும் போகும்.

## ஒரே பார்வையில்

| வழி | அளப்பவர் | வண்டி நிற்கும் காலம் | கைச்செலவு | எதிர்பாராத செலவு |
|---|---|---|---|---|
| வீட்டில் முழு வேலை | நீங்கள் | மாதக்கணக்கு | நடுத்தரம் | கருவி, கூடுதல் பாகங்கள் |
| மெக்கானிக் | அவர், எழுதித் தந்தால் | வாரங்கள் | அதிகம் | நடுவில் ஏறும் கணக்கு |
| ரிங், பேரிங் மட்டும் | பெரும்பாலும் யாருமில்லை | சில நாட்கள் | குறைவு | மறுபடி செய்வது |
| கழற்றிய இன்ஜின் | யாருமில்லை | சில நாட்கள் | குறைவு முதல் நடுத்தரம் | பொருந்தாத பாகம், பதிவு |
| புதுப்பித்த இன்ஜின் | தொழிற்சாலை | சில நாட்கள், வரும்வரை காத்திருப்பு | மிக அதிகம் | வைப்புத்தொகை, கூலர், டர்போ |
| இப்படியே ஓட்டுவது | தேவையில்லை | இல்லை | ஆயில் மட்டும் | இன்ஜின் முழுதும் போவது |

## நான் எப்படிப் பிரிப்பேன்

வண்டிதான் பிழைப்பு, சேஸி நன்றாக இருக்கிறது, கையில் பணம் இருக்கிறது என்றால் வழி 5. அவ்வளவு பணம் இல்லையென்றால் வழி 2, ஆனால் அந்த மூன்று கேள்விகளுடன். சேஸி துருப்பிடித்து, இன்னும் ஒரு வருடம் ஓடினால் போதும் என்றால் வழி 4. நல்ல சேஸிக்குக் கழற்றிய இன்ஜின் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, மற்றவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். வழி 3க்கு, ரிங் இடைவெளிக் கணக்கை 3.14ஆல் வகுத்து வருவது 0.05 மி.மீ.க்குக் கீழே வந்தால் மட்டும் தலையாட்டுவேன்.

வழி 1ஐ ஆசைப்பட்டுக் கேட்பவர்களிடம் ஒன்று சொல்வேன்: முழு முடிவை இன்றே எடுக்க வேண்டாம். ஹெட்டை மட்டும் கழற்றுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் அட்டையில் ஓட்டை போட்டு அதே வரிசையில் குத்தி வையுங்கள், புஷ் ராடு இருந்தால் அவற்றையும். விரல் நகத்தால் போரின் மேல் விளிம்பைத் தடவினால் தேய்ந்த இடத்தில் படி தட்டுப்படும். பிஸ்டனை அடிக்கு இறக்கி, வாங்கிய புது ரிங் ஒன்றை மேலிருந்து விட்டு, மேலே ஒருமுறை, போகும் வரை கீழே ஒருமுறை அளந்து எண்களைக் காகிதத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு மணி நேரம் உங்களுக்குப் பிடித்திருந்ததா, எரிச்சலாக இருந்ததா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எரிச்சலாக இருந்தால் அந்தக் காகிதத்தோடு மெக்கானிக்கிடம் போகலாம், எண்கள் அவருக்கும் உதவும். பிடித்திருந்தால் கிரேன் வாடகைக்குச் சொல்லிவிடுங்கள்.